கறுப்புக் கல்லெல்லாம் மாங்கனீஸ் இல்லீங்க: கேள்வி பதில்

காங்கேயத்திலிருந்து: ஏனுங்கண்ணா, தோட்டத்துக் கெணறு தூர் வாரறப்ப கறுப்பா, கனமா ஒரு கல்லு சிக்குச்சுங்க. மாங்கனீஸ்ங்கறாங்க. நெசமுங்களா?

காந்தம் வெச்சுப் பாத்தீங்களா? நல்லா ஒட்டினா மேக்னடைட், அதாவது இரும்புத்தாது. கஞ்சமலை இரும்புத்தாது இருக்கிற சீமையில முதல் சந்தேகம் அது மேலதான் வரணும். ஒட்டலைன்னா டைல்ஸோட பின்பக்கத்துல உரசுங்க. பைரோலூசைட்ங்கற மாங்கனீஸ் தாதுன்னா கரிக்கோடு போடும், விரல்லயும் மையாட்டம் ஒட்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டு சொட்டு விட்டா புஸ்ஸுனு நுரைக்கும். கோடே விழலைன்னா வரப்புக்கு அண்டை கொடுத்துருங்க.

பெருந்துறையிலிருந்து: போர் தண்ணி ஏத்தறப்ப தெளிவா இருக்குதுங்க. ஆனா நாளாக நாளாக டேங்க் சுவர்ல கறுப்பா, வழவழன்னு படியுது.

அது மாங்கனீஸா இருந்தா, உங்க டேங்க்லயே ஒரு குட்டித் தாதுப் படிவு உருவாகுதுங்க. கிண்டல் இல்லை. ஆக்சிஜன் இல்லாத ஆழத்துல மாங்கனீஸ் தண்ணியில கரைஞ்சு, கண்ணுக்குத் தெரியாம கிடக்கும். காத்துப் பட்டா மெதுவா கறுப்பு ஆக்சைடா இறங்கும். பாக்டீரியாவும் ஒத்தாசை பண்ணும். இரும்பும் இப்படித்தான், ஆனா அது அவசரக்காரன். துளி ஆக்சிஜன் கிடைச்சாலே உக்காந்துக்கும். மாங்கனீஸ் இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் இறங்கும். ரெண்டும் ஒண்ணாக் கரைஞ்சு வந்தாலும் தனித்தனியாப் படியறதுக்கு இது ஒரு பெரிய காரணம். குடிக்கறதா இருந்தா டெஸ்ட் பண்ணிடுங்க: லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணியே இல்லைன்னா 0.3.

சேலம், கல்லூரி மாணவர்: சார், கோண்டைட், கோடுரைட், லேட்டரைட்னு மாங்கனீஸ் தாது வகைப்பாடு ஒரே குழப்பம். பரீட்சைக்கு எப்படிப் படிக்கறது?

மனப்பாடம் வேண்டாம் தம்பி. எங்கே படிஞ்சது, அப்புறம் அதுக்கு என்ன ஆச்சு, இது ரெண்டை மட்டும் கேளு. ஆழமில்லாத கடல்ல படிஞ்சு, பெருசா மாறாம கிடந்தா படிவு வகை. உக்ரைன் நிக்கோபோல், ஜார்ஜியா சியாத்துரா. அதே படிவு பூமிக்குள்ள அமுங்கி வெந்துபோனா உருமாறிய வகை. நம்ம மத்தியப் பிரதேசத்து பாலாகாட், மகாராஷ்டிரா பண்டாரா பக்கம் அதுதான். அங்கே ஸ்பெஸ்ஸார்டைன்ங்கற மாங்கனீஸ் கார்னெட்டும் குவார்ட்ஸும் கலந்த பாறைக்கு, கோண்டு மக்கள் பேரால கோண்டைட்னு பேர் வந்தது. மழையும் வெயிலும் பாறையை அரிச்சு, மத்ததைக் கழுவிட்டு மாங்கனீஸை மேலே திரட்டினா லேட்டரைட் வகை. காபோன் நாட்டு மொவாண்டா பெரிய உதாரணம். வெந்நீர் பாறை வெடிப்புல விட்டுப்போனது தனி. ஆழ்கடல் உருண்டைகளும் தனி; அதுக 10 லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

கோடுரைட்தான் வில்லங்கம். ஆந்திரா கோடூர்ப் பாறையை ஃபெர்மர்ங்கற புவியியலாளர் 1909-இல் அக்கினிப் பாறைன்னு, அதாவது உருகின குழம்பு ஆறி இறுகினதுன்னு எழுதினார். படிவுப் பாறை உருமாறினதாத்தான் பின்னால பலரும் பாத்தாங்க. என் ஓட்டும் அதுக்குத்தான். நீ ரெண்டையும் எழுது.

பவானியிலிருந்து: தரைக்கு வாங்கின கல்லுல பெரணி இலையாட்டம் கறுப்பா இருக்குதுங்க. செடியோட புதைபடிவமா?

செடியே இல்லீங்க. வெடிப்புல ஊறின தண்ணி விட்டுப்போன மாங்கனீஸ் ஆக்சைடு. டென்ட்ரைட்னு பேரு. அழகா இருக்கும், பாலிஷ்ல தேச்சுடாதீங்க.

பல்லடம், கிரஷர் வெச்சிருப்பவர்: கல்லை நசுக்கற ஜா பிளேட்டுல மாங்கனீஸ் எதுக்குங்க?

1882-இல் இங்கிலாந்து உலோகவியலாளர் ஹாட்ஃபீல்டு கண்டுபிடிச்ச எஃகுங்க அது; 12 சதவீதம் போல மாங்கனீஸ். கல்லு அடிக்க அடிக்க மேல்தோல் இறுகும். தேஞ்சுபோன பிளேட்டை எடைக்குப் போடறப்ப காந்தத்தை வெச்சுப் பாருங்க. அத்தனை இரும்பு இருந்தும் ஒட்டாது.