போட்டது எவ்ளோ, வந்தது எவ்ளோ? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவுல ஃப்யூஷன், அதாவது அணுக்கள ஒண்ணா சேக்குறது, பண்ணி, போட்ட எனர்ஜியவிட அதிகமா எனர்ஜி எடுத்துட்டாங்கன்னு வீடியோவா வந்துக்கிட்டே இருக்கு. எங்க வீட்டு ஈபி பில் எப்போ சார் குறையும்? (விழுப்புரம் வாசகர்)

பதில்: குறையாது, இத நம்பி ரெண்டாவது ஏசி வாங்கிடாதீங்க. கலிஃபோர்னியாவுல லாரன்ஸ் லிவர்மோர்னு ஒரு அரசாங்க லேப் இருக்கு, அதுக்குள்ள நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி, சுருக்கமா நிஃப். 2022 டிசம்பர் 5 அன்னிக்கு அங்க 192 லேசர் கற்றைய ஒரே நேரத்துல ஒரு குட்டி உலோகக் குழாய்க்குள்ள அடிச்சாங்க, குழாயோட உள்சுவர் சூடாகி எக்ஸ்-ரே கக்குது, அந்த எக்ஸ்-ரே நடுவுல இருக்குற மிளகு சைஸ் வைரக் கூட்ட நாலா பக்கமும் நசுக்குது, நசுங்குன வேகத்துல உள்ள இருக்குற டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் (ரெண்டும் ஹைட்ரஜனோட கனமான வகைங்க) சேர்ந்து ஹீலியமாகி எனர்ஜி வெளிய வருது. லேசர் கொண்டு போய் சேர்த்தது 2.05 மெகாஜூல், வெளிய வந்தது 3.15 மெகாஜூல். இது நிஜம், பல வருஷ உழைப்பு, குறை சொல்லல. ஆனா அந்த லேசர ரெடி பண்றதுக்கு கரன்ட் லைன்லேருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல், அத மட்டும் எந்த தம்ப்நெயில்லயும் போட மாட்டேங்கறாங்க.

ஈபி கணக்குலயே சொல்றேன். ஒரு யூனிட்னா 3.6 மெகாஜூல். அப்போ செலவானது 83 யூனிட் மாதிரி, வந்தது ஒரு யூனிட்டுக்கும் கம்மி, அதுவும் கரன்ட்டா இல்ல, நியூட்ரானாவும் சூடாவும் தான். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீல, அதுக்குள்ளயே அவங்களோட ஒரு ஷாட் முடிஞ்சிடும்! 2024 பிப்ரவரில 5.2 மெகாஜூல் வரைக்கும் வந்துட்டாங்க, அதாவது ஒன்றரை யூனிட் கிட்ட. பவர் ஸ்டேஷனா ஓடணும்னா இந்த மாதிரி ஷாட்ட செகண்டுக்கு பத்து தடவை கணக்குல அடிக்கணும், நாள் முழுக்க.

இன்னொரு விஷயம், நிஃப் கட்டுனதே கரன்ட் எடுக்க இல்ல. 1992-க்கு அப்புறம் அமெரிக்கா அணுகுண்டு வெடிச்சு டெஸ்ட் பண்றத நிறுத்திடுச்சு, ஆனா குடோன்ல இருக்குற குண்டெல்லாம் நாளைக்கு வேலை செய்யுமான்னு தெரியணும்ல, அந்த கணக்குக்கு வேண்டிய டேட்டா எடுக்குறது தான் அந்த லேபோட முதல் வேலை. நியூஸ்ல க்ளீன் எனர்ஜின்னு மட்டும் சொல்லிட்டு இத விட்டுடறாங்க.

கேள்வி: பிரான்ஸ்ல கட்டுற ஐடர் வந்தா பத்து மடங்கு எனர்ஜி வருமாமே, அதுல இந்தியாவும் இருக்காமே? (கோயம்புத்தூர், இன்ஜினியரிங் மாணவி)

பதில்: இருக்கு. ஐடர்ங்கறது பல நாடுங்க சேர்ந்து கட்டுற ஃப்யூஷன் ஆராய்ச்சி மெஷின், அதுக்கு 2006-ல கையெழுத்து போட்ட ஏழு தரப்புல நாமளும் ஒண்ணு. அந்த மெஷின மொத்தமா மூடி வெக்கிற கிரையோஸ்டாட், 3,850 டன், அதோட பாகமெல்லாம் குஜராத் ஹசீரால எல் அண்ட் டி பண்ணி கப்பல்ல போனது தான். காந்திநகர்ல இருக்குற பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் 1989-லயே ஆதித்யான்னு சொந்தமா ஒரு டோகமாக், அதாவது பிளாஸ்மாவ (எலக்ட்ரான் பிரிஞ்சு போற அளவுக்கு சூடான வாயு) காந்தத்தால பிடிச்சு வெக்கிற மெஷின், ஓட்டுனவங்க, அதனால சும்மா பணம் கட்டிட்டு உள்ள போய் உக்காரல.

பத்து மடங்குங்கறதுக்கு வருவோம். பிளாஸ்மாவ சூடாக்க 50 மெகாவாட் உள்ள போகும், ஃப்யூஷன்லேருந்து 500 மெகாவாட் வெளிய வரும், இது தான் டார்கெட். இங்கயும் அதே கதை தான், அந்த 50 மெகாவாட்ட உண்டாக்குறதுக்கு பின்னாடி ஆகுற கரன்ட்டு, காந்தக் காயில மைனஸ் 269 டிகிரில வெச்சிருக்க ஆகுற கரன்ட்டு எதுவும் அந்த பத்துல வராது. ஐடர்ல டர்பைனே கிடையாதும்மா, வர்ற சூட்ட அப்படியே கூலிங் டவர்ல விட்டுடுவாங்க. அவங்க இத மறைக்கல, ஆராய்ச்சி மெஷின்னு தெளிவா தான் சொல்றாங்க, நடுவுல இருக்குறவங்க தான் வெட்டி ஒட்டிடறாங்க.

தேதி? முன்னாடி 2025-ல முதல் பிளாஸ்மான்னாங்க. அப்புறம் பிளாஸ்மா இருக்கப்போற வேக்குவம் வெசல் துண்டுங்களோட ஓரம் சரியா பொருந்தல, வெப்பக் கவசத்து மேல ஒட்டுன கூலிங் பைப்புல குளோரின் அரிச்சு விரிசல் விட்டது, எல்லாத்தையும் கழட்டி சரி பண்ண வேண்டியதா போச்சு. 2024-ல வெளியிட்ட புது பிளான் படி ஆராய்ச்சி ஓட்டம் 2034, நிஜ எரிபொருளான டியூட்டீரியம் ட்ரிட்டியம் போட்டு ஓட்டுறது 2039. நீங்க இப்போ படிச்சு முடிச்சு அங்க வேலைக்கு போனா கரெக்டா இருக்கும், விளையாட்டுக்கு சொல்லல.

எனக்கு இதுல பெரிய கவலை ட்ரிட்டியம் தான். அதோட அரை ஆயுசு, அதாவது பாதியா குறையற காலம், 12.3 வருஷம், இயற்கையில கிட்டத்தட்ட இல்ல, இப்போ கிடைக்கிறது பெரும்பாலும் கனடாவோட கனநீர் (டியூட்டீரியம் இருக்குற தண்ணி) ரியாக்டர்லேருந்து வர்றது. ஃப்யூஷன் ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் தன்னோட ட்ரிட்டியத்த லித்தியத்துலேருந்து தானே உண்டாக்கிக்கணும், அத முழு அளவுல இதுவரைக்கும் யாரும் செஞ்சு காட்டல.

கேள்வி: சீனா செயற்கை சூரியன 17 நிமிஷம் எரிய வெச்சதா சொல்றாங்களே? (தஞ்சாவூர்)

பதில்: ஈஸ்ட்ங்கற டோகமாக், 2025 ஜனவரில 1,066 செகண்ட். அடுத்த மாசமே பிரான்ஸோட வெஸ்ட் 1,337 செகண்ட் நின்னு காட்டுச்சு. ரெண்டுலயும் ட்ரிட்டியம் போடல, பிளாஸ்மாவ அவ்ளோ நேரம் கலையாம பிடிச்சு வெச்சது தான் சாதனை. சூரியன்னு பேர் வெச்சாலும் நிஜ சூரியன் நடுவுல ஒன்றரை கோடி டிகிரி தான், இந்த மெஷினுக்கு பத்து கோடிக்கு மேல வேணும், ஏன்னா சூரியனுக்கு இருக்குற எடையும் அழுத்தமும் நம்மகிட்ட இல்ல. அதோட சூரியன் ரொம்ப சோம்பேறி, அதே கன அளவுக்கு கணக்கு போட்டா மனுஷ உடம்பு அதவிட அதிக சூட்ட விடுது.

கேள்வி: கல்பாக்கத்துல கரன்ட் எடுக்குற இடமும் ஆராய்ச்சி மையமும் ஒண்ணா? போடுற எரிபொருளவிட அதிகமா எரிபொருள் வரும்னு சொல்றாங்க, அது எப்படி முடியும்? (திருக்கழுக்குன்றம் வாசகர்)

பதில்: ரெண்டும் வேற வேற, ஆனா ரெண்டுலயும் ஃப்யூஷன் இல்ல, அணுவ பிளக்குறது தான். கனநீர் ரியாக்டர் வெச்சு 1980-கள்லேருந்து கரன்ட் குடுக்குறது சென்னை அணுமின் நிலையம். பக்கத்துலயே இருக்குற இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971-ல வேற பேர்ல ஆரம்பிச்சது, அங்க எஃப்பிடிஆர்னு ஒரு சோதனை ஃபாஸ்ட் ரியாக்டர் (வேகமான நியூட்ரான்ல ஓடுறது) 1985 அக்டோபர் 18-லேருந்து இருக்கு.

அதோட டிசைன் பிரான்ஸ்ல கதராஷ்ல இருந்த ராப்சோடி ரியாக்டர பாத்து பண்ணது, இப்போ ஐடர் எழும்புற அதே கதராஷ் தான். ராப்சோடில செறிவூட்டுன யுரேனியம் போட்டாங்க, ஆனா 1974 பொக்ரான் அணு சோதனைக்கு அப்புறம் நமக்கு அத யாரும் குடுக்கல. சரின்னு நம்மாளுங்க புளூட்டோனியம் 70 சதவீதம் கலந்த கார்பைட் எரிபொருள இங்கயே செஞ்சாங்க, காத்து பட்டா பத்திக்கிற சரக்கு, மந்த வாயு நிரப்புன பொட்டிக்குள்ள கைய விட்டு தான் எல்லா வேலையும். உலகத்துல வேற யாரும் மெயின் எரிபொருளா இத வெச்சு ஓட்டல, ஓடுமான்னே தெரியாம சின்ன கோர்ல (எரிபொருள் அடுக்குற நடுப்பகுதி), 10.5 மெகாவாட் வெப்ப சக்தின்னு ஆரம்பிச்சு, நடுவுல 1987 மே மாசம் எரிபொருள் மாத்தும்போது உள்ள பாகம் வளைஞ்சு சரி பண்ணவே ரெண்டு வருஷம் ஆகி, டிசைன்ல சொன்ன 40 மெகாவாட்ட தொட்டது 2022 மார்ச்ல. முப்பத்தாறு வருஷத்துக்கு மேல! எனக்கு கேட்டா நிஃப்ப விட இது தான் சுவாரஸ்யமான கதை, ஆனா ஒரே நாள்ல நடக்கலங்கறதால ஹெட்லைன் ஆகல.

அதிகமா எரிபொருள் வர்றதுல மாயம் எதுவும் இல்ல. மண்ணுலேருந்து எடுக்குற யுரேனியத்துல நேரா பிளக்கக்கூடிய 235-ங்கற வகை வெறும் 0.7 சதவீதம், மீதி எல்லாம் 238. அந்த 238 ஒரு நியூட்ரான முழுங்குனா கொஞ்ச நாள்ல புளூட்டோனியம் 239 ஆகிடும், அது எரியும். ரியாக்டர சுத்தி 238-அ அடுக்கி வெச்சா, உள்ள எரிஞ்சு தீர்றதவிட வெளிய உண்டாகுறது கொஞ்சம் கூடுதலா இருக்கும். அப்போ 238 குறையுதுல்ல? குறையும், இந்த கணக்குலயும் அத சொல்லாம விட்டா தான் மாயம் மாதிரி தெரியும்.

இதுக்கு நியூட்ரான் வேகமா இருக்கணும், தண்ணி வெச்சா வேகம் குறைஞ்சிடும், அதனால உருகுன சோடியத்த ஓட விடறாங்க. 98 டிகிரில உருகும், 883-ல தான் கொதிக்கும், சூட்ட பிரமாதமா கடத்தும், ஆனா தண்ணி பட்டா தீ. ஜப்பான்ல மோஞ்சுன்னு ஒரு ரியாக்டர், 1995 டிசம்பர்ல ஒரே ஒரு தெர்மாமீட்டர் உறை சோடியம் ஓடுற அதிர்வுல உடைஞ்சு கசிஞ்சு தீப்பிடிச்சது, அதோட வீடியோவ மறைச்சது அதவிட பெரிய பிரச்சினையாகி, கடைசில 2016-ல மூடறதா முடிவு பண்ணிட்டாங்க. இந்த அனுபவமெல்லாம் தெரிஞ்சு தான் கல்பாக்கத்துல 500 மெகாவாட் பிஎஃப்பிஆர்ங்கற பெரிய ஃபாஸ்ட் ரியாக்டர கட்டுனாங்க, 1,750 டன் சோடியம். வேலை ஆரம்பிச்சது 2004, எரிபொருள் ஏத்த ஆரம்பிச்சது 2024 மார்ச்.

பக்கத்துல குடியிருக்கீங்க, பயம் இருக்கும், அதனால இதையும் சொல்லிடறேன். 1986 ஏப்ரல் 3, செர்னோபிலுக்கு மூணு வாரம் முன்னாடி, அமெரிக்காவோட ஐடஹோ லேப்ல ஈபிஆர்-2ங்கற சோடியம் ரியாக்டர முழு பவர்ல ஓட விட்டு, வேணும்னே பம்ப்ப நிறுத்துனாங்க, தானா அணையற சிஸ்டத்தையும் வேலை செய்ய விடல. சூடு ஏற ஏற கோர் விரிஞ்சு, நியூட்ரான் வெளிய தப்பி, ரியாக்டர் தானா அடங்கிடுச்சு. ஆனா அது உலோக எரிபொருள் போட்ட சின்ன ரியாக்டர், பிஎஃப்பிஆர் ஆக்சைடு போட்ட பெருசு, அதனால அந்த ரிசல்ட்ட அப்படியே எடுத்து இங்க ஒட்டிக்க முடியாது.

கேள்வி: எங்க ஊர் கடற்கரை மணல்ல தோரியம் இவ்ளோ இருந்தும் ஏன் கரன்ட் எடுக்கல? (மணவாளக்குறிச்சி)

பதில்: தோரியம் தானா எரியாது, நியூட்ரான் குடுத்து யுரேனியம் 233 ஆக்கணும், அதுக்கு முதல்ல மேல சொன்ன மாதிரி ரியாக்டர் நிறைய வேணும். 233 கூடவே கொஞ்சம் 232-ம் ஒட்டிக்கிட்டு வரும், அதோட வாரிசுங்க விடற காமா கதிர் ரொம்ப கடுமை, கையில தொட்டு வேலை பாக்க முடியாது. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் லேப் 1968-ல உருகுன உப்புல 233-அ கரைச்சு ஒரு ரியாக்டர் ஓட்டிட்டு, அடுத்த வருஷமே மூடிடுச்சு.

நம்மகிட்ட 233-ல ஓடுற ரியாக்டர் ஒண்ணு இருக்கு, கல்பாக்கத்துலயே, பேரு காமினி, 1996-லேருந்து. பவர் 30 கிலோவாட், வெப்பமா. கரன்ட் எடுக்க இல்ல, அதுலேருந்து வர்ற நியூட்ரான வெச்சு எக்ஸ்-ரே மாதிரி படம் எடுத்து, இஸ்ரோ ராக்கெட்ல போற வெடிப் பாகங்களுக்குள்ள மருந்து சரியா நிரம்பியிருக்கான்னு பாக்குறாங்க.