பெட்டியில் 3200, திரையில் 2133: ரேம் கேள்விகள் சில

கே: 3200 என்று போட்டிருந்த டிடிஆர்4 ரேம் வாங்கினேன். டாஸ்க் மேனேஜரில் 2133 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. பெட்டியில் இருப்பது அந்த ரேம் ஸ்டிக்கால் எட்ட முடிந்த வேகம். கணினி முதல்முறை எழும்போது அதை நம்பி இறங்காது. ஸ்டிக்கில் இருக்கும் குட்டிச் சில்லு ஒன்றைப் படித்து, எல்லா மதர்போர்டுகளும் ஏற்கக்கூடிய பொதுவான வேகத்தில்தான் தொடங்கும். டிடிஆர்4-க்கு அது பெரும்பாலும் 2133 அல்லது 2400. அதே சில்லில் 3200-க்கான அமைப்பும் தனியாக எழுதப்பட்டிருக்கும். அதன் பெயர் எக்ஸ்எம்பி. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் எழும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போய் அதை இயக்கிச் சேமித்தால் வேலை முடிந்தது. ஏஎம்டி பலகைகளில் இதையே டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்றும், டிடிஆர்5 வந்தபிறகு எக்ஸ்போ என்றும் பார்க்கலாம்.

ஒன்றைத் தெரிந்து செய்யுங்கள்: கணக்குப்படி இது ஓவர்கிளாக்கிங், அதாவது பொதுவான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35-க்கு ஏறும். ஸ்டிக்கை அதற்காகவே சோதித்துத்தான் அனுப்புகிறார்கள் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மதர்போர்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். இன்டெலின் எச்310, பி360 போன்ற சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ள பலகைகளில் 2666-க்கு மேல் போகாது, என்ன செய்தாலும் சரி.

கே: எக்ஸ்எம்பி போட்டாயிற்று. இப்போது, கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியூ-இசட் மென்பொருள் 1600 என்கிறது!

சரியாகத்தான் சொல்கிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது நானும் ஸ்டிக்கைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். டிடிஆர் ரேம், கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் தரவை அனுப்பும். கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ், பரிமாற்றம் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆக, விளம்பரங்களில் வரும் '3200 மெகாஹெர்ட்ஸ்' தவறு. வினாடிக்கு 320 கோடி பரிமாற்றங்கள் என்பதே பொருள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள் எம்டி/எஸ் (வினாடிக்கு இத்தனை பத்து லட்சம் பரிமாற்றங்கள்) என்றே காட்டத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் 8 பைட் போகிறது. 3200-ஐ 8-ஆல் பெருக்குங்கள், 25,600 வரும். ஸ்டிக்கரில் பிசி4-25600 என்று இருப்பது இதுதான்: வினாடிக்கு 25,600 மெகாபைட்.

கே: சிஎல்16 நல்லதா, சிஎல்30 நல்லதா? டிடிஆர்5-இல் எண் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, மெதுவாக இருக்காதா?

பலரும் தடுமாறுவது இங்கேதான். சிஎல் என்பது நேரம் அல்ல, துடிப்புகளின் எண்ணிக்கை. செயலி ஒரு தகவலைக் கேட்டபின் எத்தனை துடிப்பு கழித்து அது வரும் என்ற கணக்கு. பத்து எட்டு (காலடி) தூரம் என்றால் யாருடைய எட்டு என்று கேட்க வேண்டும் அல்லவா? குழந்தையின் எட்டும் பெரியவரின் எட்டும் ஒன்றில்லை. அதுபோல வேகமான ரேமில் ஒரு துடிப்பின் நேரம் குறைவு.

கணக்கு எளிது: சிஎல்-ஐ 2000-ஆல் பெருக்கி, பெட்டியில் உள்ள வேகத்தால் வகுங்கள். நானோ வினாடியில் விடை வரும். டிடிஆர்4 3200 சிஎல்16-க்கு 10. 3600 சிஎல்18-க்கும் 10. டிடிஆர்5 6000 சிஎல்30-க்கும் அதே 10! தாமதம் ஒன்றேதான், ஆனால் டிடிஆர்5 அதே நேரத்தில் ஏறக்குறைய இரு மடங்கு தரவை அள்ளித் தருகிறது. மாறாக, டிடிஆர்5 4800 சிஎல்40 வாங்கினால் 16.7 ஆகிவிடும். 3200-இலேயே சிஎல்22 ஸ்டிக்குகளும் உண்டு, அவற்றுக்கு 13.75. எக்ஸ்எம்பி இல்லாமலே 3200-இல் ஓடுபவை பெரும்பாலும் இந்த ரகம். ஒரே வேகம் போட்ட இரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் மலிவாக இருந்தால், முதலில் சிஎல்-ஐப் பாருங்கள்.

கே: நான்கு ஸ்லாட், இரண்டு ஸ்டிக். எதில் மாட்டுவது?

செயலியிலிருந்து எண்ணி 2-ஆவது, 4-ஆவது. பலகையில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் பொதுவாக இரண்டும் ஒரே சேனலில் (செயலிக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை) போய் உட்கார்ந்து, தரவுப் பாதை பாதியாகிவிடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்தத் தவறு விளையாட்டுகளில் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் திரைக்கான வேலையும் இதே ரேமை நம்பித்தான் நடக்கிறது.

கே: லேப்டாப்பில் 8 ஜிபி இருக்கிறது. 16 ஜிபி ஸ்டிக் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். பெரும்பாலான கணினிகளில் 8-உம் 8-உம் ஜோடி சேர்ந்து இரட்டைச் சேனலில் ஓடும், மிச்ச 8 ஒற்றையாக ஓடும். இரண்டில் மெதுவானது எதுவோ அந்த வேகத்துக்குத்தான் இரண்டும் போகும். இருந்தாலும் நினைவகம் போதாமல் எஸ்எஸ்டி-யை நாடி ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற தலைமுறை மட்டும் மாறக் கூடாது. ஸ்டிக்கின் விளிம்பில் உள்ள வெட்டுப்பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் உள்ளே போகவும் போகாது. அழுத்திப் பார்க்காதீர்கள்.

கே: 16 ஜிபி போட்டேன், 13.9 தான் பயன்படுத்த முடியும் என்கிறது.

செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்து வைத்திருக்கிறது. பயாஸில் குறைக்க வழி இருந்தால் குறைக்கலாம்.

கே: புது டிடிஆர்5 கணினி. பட்டனை அழுத்தி மூன்று நிமிடமாகத் திரை கறுப்பாகவே இருக்கிறது.

காத்திருங்கள், அணைக்காதீர்கள். ரேமோடு பேச எந்த நேர அமைப்பு ஒத்துவரும் என்று மதர்போர்டு சோதித்துப் பார்க்கிறது. இதை மெமரி ட்ரெயினிங் என்பார்கள். அடுத்தடுத்த முறை இவ்வளவு நேரம் ஆகாது. நான்கு ஸ்டிக் போட்டிருந்தால் இன்னும் இழுக்கும். அப்புறம், நான்கு போட்டால் வேகமும் இறங்கும்: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தருவது இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு வெறும் 3600. 64 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 32 வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கே: எக்ஸ்எம்பி போட்டபிறகு எப்போதாவது நீலத் திரை வருகிறது. விண்டோஸைத் திரும்பப் போடவா?

அதற்கு முன் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யூஎஸ்பி-யில் ஏற்றி, ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. அது உங்கள் கோப்பு ஒன்றைச் சத்தமில்லாமல் கெடுக்கக்கூடியது. வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி சோதியுங்கள். எக்ஸ்எம்பி-யை அணைத்த பிறகும் பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, பழுதானதை வாரன்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.