நல்ல கையைக் கட்டிப்போட்டவர்: எட்வர்ட் டௌப் பற்றிக் கேள்வி பதில்

பக்கவாத நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை தருபவள் நான். பக்கவாதத்தில் தளர்ந்த கைக்கு ஒரு பயிற்சி முறையை உருவாக்கிய டௌப் பற்றி வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

மேடம், டௌப் டாக்டரா? (பிசியோதெரபி மாணவி)

இல்லைம்மா, உளவியல் ஆய்வாளர். 1931இல் பிறந்த அமெரிக்கர். குரங்கின் ஒரு கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகளை வெட்டினால், அது அந்தக் கையைத் தொங்கவிட்டுவிடும். உணர்ச்சி போனால் அசைவும் போய்விடும் என்றுதான் அதுவரை சொல்லிக்கொடுத்தார்கள். அசைவு நரம்புகள் முழுசாகத்தானே இருக்கின்றன என்று யோசித்து, டௌப் நல்ல கையைக் கட்டிப்போட்டார். குரங்கு அந்த உணர்வற்ற கையாலேயே உணவை எடுத்தது! ஆரம்பத்தில் முயன்று தோற்ற கையை அது ஒதுக்கியே பழகியிருந்தது, அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

மனிதருக்கு எப்படிச் செய்தார்?

1986இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்துக்குப் போனார். நல்ல கையில் தடித்த உறை, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம். இரண்டு வாரம், தினமும் பல மணி நேரப் பயிற்சி. நான் பார்த்த ஓர் அம்மா, ஐந்து சுண்டைக்காயை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட முதல் நாள் வியர்த்துப்போனார். மூன்று தவறி விழுந்தன. அடுத்த முறை கிண்ணத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்தோம். அப்படித்தான், முடிகிற அளவிலிருந்து ஒரு பிடி கூட்டிக்கூட்டிப் போக வேண்டும். 2006இல் ஸ்டீவன் உல்ஃப் தலைமையில் 222 பேரிடம் நடந்த ஆய்வு இந்த முறைக்குப் பலன் இருப்பதைக் காட்டியது.

குரங்கு வழக்கு?

1981இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவருடைய ஆய்வகத்திலிருந்து போலீஸ் 17 குரங்குகளைப் பறிமுதல் செய்தது. விலங்கு வதை வழக்கில் முதலில் தண்டிக்கப்பட்டார், 1983இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அந்தக் கூண்டுப் படங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு பதறும். அதே குரங்குகளிடம்தான், கைக்குரிய மூளைப் பகுதி முகத்தைத் தொட்டால் வேலை செய்வதை, அதாவது மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்வதை, 1991இல் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்தேதான் மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆச்சு. பலன் இருக்குமா?

டௌப் ஆரம்பத்தில் எடுத்துக்கொண்டதே ஒரு வருஷம் தாண்டியவர்களைத்தான், தைரியமாக இருங்கள். ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது மேலே எழும்ப வேண்டும். நீங்களாகவே நல்ல கையைக் கட்டிவிடாதீர்கள், தடுமாறினால் பிடித்துக்கொள்ள அந்தக் கை வேண்டும். அப்பாவின் கையை மேசை விளிம்பில் வைத்து விரலைத் தூக்கச் சொல்லுங்கள். துளி எழும்பினாலும் வீடியோ எடுத்து, அதோடு பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பாருங்கள்.