எழுத்து அழிந்த பழைய ரேடியோ வால்வுகளை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் பழைய வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய ரேடியோ வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்) கிடைத்தன. சிலவற்றில் எழுத்தே இல்லை, சிலவற்றில் புரியாத எண்கள். ஒன்று கண்ணாடியே இல்லாத அலுமினிய உருளை. இவை என்னவென்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் முதலில் கையில் எடுத்திருக்கும் துணியைக் கீழே வையுங்கள். வால்வின் மேல் உள்ள பெயர் பெரும்பாலும் வெறும் மேல்பூச்சு. ஸ்பிரிட் வேண்டாம், ஈரத்துணியே அதை வழித்துக்கொண்டு போய்விடும். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கண்ணாடி மேல் வாயால் ஆவி ஊதி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அழிந்துபோன எழுத்து ஒரு நொடி தலைகாட்டும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று அடிக்கும்போது ஆவி நிற்காது. அப்போது வால்வைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துவிட்டு ஊதலாம்.

கண்ணாடியின் உள்பக்கம், பெரும்பாலும் உச்சியில், கண்ணாடி போல மின்னும் வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று போய்விட்டது, வால்வு செத்தது. அவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள், எறிய வேண்டாம். மற்றவற்றோடு ஒப்பிட உதவும்.

பெயர் தெரிந்தவை சுலபம். நம் பக்கம் அதிகம் கிடைப்பது பிலிப்ஸ், முல்லார்ட் கம்பெனிகளின் முறைப்படி வைத்த பெயர்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் தயாரித்த வால்வுகளிலும் இந்தப் பெயர்களை நிறையப் பார்க்கலாம். முதல் எழுத்துதான் முக்கியம். ஈ என்றால் ஹீட்டர் (வால்வுக்குள் எரிந்து சூடேற்றும் இழை) 6.3 வோல்ட். டி என்றால் 1.4 வோல்ட், அதாவது பேட்டரி செட். யூ என்றால் ஹீட்டர்களை வரிசையாகக் கோத்து 100 மில்லி ஆம்பியரில் ஓட்டும் ஏசி/டிசி செட். அடுத்த எழுத்துகள் வேலையைச் சொல்லும்: சி ட்ரையோட் (மூன்று மின்முனை வால்வு), எஃப் பென்டோட் (ஐந்து மின்முனை), எல் அவுட்புட் (ஸ்பீக்கரை ஓட்டுவது), இசட் ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்குவது), எம் மேஜிக் ஐ (ஸ்டேஷன் சரியாகப் பிடிபட்டதைக் காட்டும் பச்சைக் கண்). எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தைச் சொல்லும். 3 என்றால் ஆக்டல் (எட்டு கால் அடி), 8 என்றால் ஒன்பது கால், 9 என்றால் ஏழு கால். ஆக, ஈஎல் 84 என்பது 6.3 வோல்ட், அவுட்புட், ஒன்பது கால்.

எண்ணில் தொடங்கினால் அமெரிக்கப் பெயர். 6வி6 என்பதில் 6 ஹீட்டர் வோல்ட். ஒரே சரக்குக்கு இரண்டு பெயரும் உண்டு: 12ஏஎக்ஸ்7தான் ஈசிசி 83, 1ஆர்5தான் டிகே 91. சிவி என்று தொடங்கினால் பிரிட்டிஷ் ராணுவ எண். சிவி 4004ஐப் பார்த்து மிரள வேண்டாம், அதுவும் ஈசிசி 83 வகைதான், இன்னும் தரமாகச் செய்தது.

எழுத்தே இல்லாதவைதான் சுவாரசியம். சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர்) ரேடியோ கடை வைத்திருந்த என் மாமா, "மாப்ளே, பேரை விடு, காலை எண்ணு" என்பார். வால்வைக் கவிழ்த்துப் பிடித்தால் கால்களுக்கிடையே ஒரு இடம் மட்டும் அகலமாக இருக்கும். அங்கிருந்து கடிகார முள் திசையில் 1, 2, 3. ஒன்பது கால் ரேடியோ வால்வில் ஹீட்டர் பெரும்பாலும் 4, 5. ஏழு காலில் 3, 4. பேட்டரி வால்வில் 1, 7.

மல்டிமீட்டரில் ஹீட்டரை அளந்தால் குடும்பம் பிடிபடும். குளிர்ந்த நிலையில் ஓம் அளவு, எரியும்போது இருப்பதில் ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு என்றுதான் காட்டும். ஈஎல் 84 எரியும்போது எட்டு ஓம் சொச்சம், குளிரில் ஒன்று, ஒன்றரை. 45 வோல்ட் வாங்கும் யூஎல் 84 குளிரிலேயே பல பத்து ஓம் காட்டும். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். ஒரு எச்சரிக்கை: கால் 1, 7இல் தலைமுடி போன்ற இழை தெரிந்தால் பழைய முள் மீட்டரை வைக்காதீர்கள். டிகே 96இன் இழைக்கு 25 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. முள் மீட்டரின் கீழ் ஓம் ரேஞ்ச் அதைவிட அதிகம் அனுப்பி இழையையே எரித்துவிடும். டிஜிட்டல் மீட்டர் போதும். கரண்ட் வராத காலத்துக் களத்து வீடுகளில் ஓடியது பேட்டரி செட்தான் என்பதால் உங்கள் பெட்டியில் டி வகை இருக்க வாய்ப்பு அதிகம். குடும்பம் தெரியும்வரை எதற்கும் 6.3 வோல்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

பிலிப்ஸ் குழும வால்வுகளில் இன்னொரு துப்பு உண்டு. கண்ணாடியின் அடியோரத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரிக் குறியீடு பொறித்திருக்கும். மேல் பூச்சு போனாலும் இது எளிதில் போகாது. மேல் வரி வால்வின் வகை, கீழ் வரி தொழிற்சாலையும் தயாரித்த காலமும். கீழ் வரி 'பி'யில் தொடங்கினால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன், முக்கோணம் என்றால் நெதர்லாந்தின் ஹேர்லன். விற்கிறவர் சொல்லும் கதையைவிட இதை நம்பலாம். கோவையில் மேல்பூச்சை மாற்றி அடித்து விலையேற்றிய வால்வுகளை நானே பார்த்திருக்கிறேன்.

இனி அந்த அலுமினிய உருளை. மேலே இழுத்தால் கழன்று உள்ளே வால்வு தெரிந்தால் அது வெறும் ஷீல்டு மூடி. அடியில் சால்டர் செய்யும் தகட்டு நாக்குகள் இருந்தால் எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்), 32+32 மாதிரி எண் போட்டிருக்கும். சாக்கெட்டில் செருகும்படி நான்கு தடித்த கால்கள் இருந்தால் வைப்ரேட்டர். கார் பேட்டரியின் கரண்டை விட்டுவிட்டு வெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர் வோல்ட்டாக்க வழி செய்யும் பாகம், வேலை செய்யும்போது ரீங்காரமிடும். அடிப்பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.