பழைய ஸ்காட்லாந்து மலைப் படங்களில் வானம் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கிறது?

1860களில் எடுத்த கிளென்கோ பள்ளத்தாக்கு, ஸ்கை தீவுப் படங்களில் பாறை துல்லியமாகத் தெரிய, வானத்தில் மட்டும் ஏன் மேகமே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் அன்றைய ஈரக் கொலோடியன் முறை, அதாவது கண்ணாடித் தகட்டில் ஒளியை உணரும் பிசுபிசுப்பான பூச்சைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுப்பது. அந்தப் பூச்சு நீல ஒளியைத்தான் வேகமாகப் பிடிக்கும். பச்சை, சிவப்பு அதில் லேசில் பதியாது. புல்லும் பழுப்புப் பாறையும் பதிவதற்குள் வானம் அளவுக்கு மீறி ஒளி வாங்கி வெளுத்துவிடும்.

அதைவிடப் பெரிய பாடு ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டில் பூசி, படமெடுத்து, டெவலப் செய்து முடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது. சில நிமிடங்களே அவகாசம். அதனால் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கனத்த கண்ணாடிகள் அனைத்தையும் மலைக்கே சுமந்து போனார்கள். இதை நினைத்தால் அந்தப் படங்கள் மீது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

ஆனால் அன்றைய எல்லாப் படங்களிலும் வானம் வெள்ளையாக இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரப் புகைப்படக்காரர் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் (1823–1893) கேமராவைச் சூரியன் பக்கம் திருப்பி, மிகக் குறைந்த நேரமே ஒளி காட்டி, மேகங்களையும் பிடித்தார். அவரது நிறுவனத்தின் தகடுகள் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.