சின்னக் குழந்தை வார்த்தைய எப்படி புடிக்குது? கேள்வி பதில்

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ஒண்ணுல இருந்து மூணு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்க பேச்சு பத்தி என்ன வேணா கேளுங்க.

அக்கா, பொண்ணுக்கு ஒன்றரை வயசு. நாள் பூரா யூடியூப்ல ரைம்ஸ் ஓடுது, கலர், அனிமல் எல்லாம் வருது. ஒண்ணு கூட சொல்ல மாட்டேங்குறா.

டிவி அவ எதப் பாக்குறான்னு பாக்காதும்மா, அதான் காரணம். அமெரிக்காவுல பேட்ரிசியா குல்னு ஒரு ஆராய்ச்சியாளரோட டீம் 2003ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, 9 மாசக் குழந்தைங்க கிட்ட சீன மொழி பேசுறவங்க நேர்ல உக்காந்து புக் படிச்சு பொம்மை காட்டி பேசுனாங்க, வேற சில குழந்தைங்களுக்கு அதே ஆளுங்க வீடியோவுல. நேர்ல பழகுனதுங்க சீன ஒலிகள பிரிச்சு கேக்க கத்துக்கிச்சு, வீடியோ பாத்ததுங்களுக்கு ஒண்ணுமே ஏறல. ரைம்ஸ ஆஃப் பண்ணுங்க, ப்ளீஸ்.

அவர் துபாய்ல இருக்கார், பையனுக்கு ரெண்டேகால் வயசு. வீடியோ கால்ல பேசுறதும் வேஸ்ட்டா அப்போ?

இல்லவே இல்ல. கால்ல அவன் சிரிச்சா அப்பா சிரிக்கிறார், அவன் கேட்டா பதில் சொல்றார். ரெண்டு, ரெண்டரை வயசுக் குழந்தைங்க வீடியோ கால்ல புது வார்த்தை கத்துக்கிட்டத, ரெக்கார்டிங்ல கத்துக்காதத 2014ல ஒரு ஆராய்ச்சியில காட்டிருக்காங்க. தினமும் பேசச் சொல்லுங்க.

எப்படித்தான் சொல்லிக் குடுக்குறது? ஃப்ளாஷ் கார்டு வாங்கவா?

வேணாம். குழந்தை கண்ணு எங்க இருக்கோ அங்க உங்க வார்த்தை போகணும், எனக்குத் தெரிஞ்சு இதவிட பெரிய விஷயம் எதுவும் இல்ல. அது கரண்டிய தட்டிட்டு இருக்கும்போது நீங்க "இங்க பாரு யானை"ன்னு பொம்மைய நீட்டுனா, கவனத்த இழுக்குறதுலயே பாதி போயிடும். "கரண்டியா? கரண்டி தட்டுறியா? பெரிய கரண்டி!"ன்னு அது கூடவே போங்க, அது ஏதாவது உளறுனா நிறுத்தி கேளுங்க, திரும்ப சொல்லுங்க. குழந்தையும் சும்மா இல்ல, நம்ம கண்ண கவனிச்சுட்டே இருக்கும். டேர் பால்ட்வின்னு ஒரு ஆராய்ச்சியாளர், குழந்தை ஒரு பொம்மைய பாத்துட்டு இருக்கும்போது பெரியவங்க வேற ஒண்ணப் பாத்து புதுப் பேரு சொன்னா என்ன ஆகும்னு பாத்தாங்க. 18, 19 மாசக் குழந்தைங்க தன் கையில இருக்குறதுக்கு அந்தப் பேர ஒட்டிக்கல, நிமிந்து பேசுறவங்க பார்வை எங்க போகுதுன்னு பாத்து அதுக்குத்தான் ஒட்டிச்சுங்க! இத எத்தன தடவ நெனச்சாலும் எனக்கு ஆச்சரியம்தான். அதனால போன பாத்துக்கிட்டே பேசாதீங்க.

மாமியார் "மம்மு", "இங்கா"ன்னே பேசுறாங்க. தடுக்கணுமா?

வேண்டாம், இழுத்து ராகம் போட்டு பேசுறது குழந்தைக்கு ரொம்பப் புடிக்கும், காது குடுத்து கேக்கும். "மம்மு, சோறு சாப்பிடலாமா"ன்னு சரியான வார்த்தையையும் சேத்துச் சொன்னா போதும்.

ஆடு மாடு எல்லாமே அவனுக்கு "வவ்வவ்".

இந்த வயசுல சகஜம். "ஆமா, மாடு"ன்னு சொல்லிட்டுப் போங்க, திட்டாதீங்க.

பெங்களூருல இருக்கோம். வீட்டுல தமிழ், ஆயாம்மா கன்னடம். குழம்பிடுவாளோ?

குழம்ப மாட்டா. அவ எத்தன வார்த்தை சொல்றான்னு எண்ணும்போது மட்டும் ரெண்டு மொழி வார்த்தையையும் கூட்டி எண்ணுங்க.

பையனுக்கு ரெண்டு வயசு, பத்து வார்த்தைதான். ஆம்பளப் பசங்க லேட்டாதான் பேசுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.

அந்தப் பேச்ச நம்பி காத்திருக்காதீங்க. ரெண்டு வயசுல 50 வார்த்தைக்குக் கீழ, "அம்மா வா" மாதிரி ரெண்டு சேத்தும் சொல்லலன்னா காட்டிடணும். முதல்ல காது டெஸ்ட், அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட். நாம சொல்றது புரியுதா, வேணும்னா விரல் நீட்டிக் காட்டுறானான்னு இந்த வாரமே கவனிச்சு எழுதி வைங்க, போனதும் அதத்தான் கேப்பாங்க.