கானல் நீரும் எக்ஸ்ரே லேசரும்: புதுச்சேரி, கடலூர் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

லேசர் ஆய்வுக்கூடங்களில் காலம் தள்ளிவிட்டு இப்போது லாஸ்பேட்டையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். போன வாரம் நம் குழுவில் ப்ளாஸ்மாவை, அதாவது கடும் சூட்டில் அணுக்களின் எலக்ட்ரான்கள் கழன்று நிற்கும் வாயுவை, வைத்து மென் எக்ஸ்ரே லேசர் செய்வது பற்றிப் பேச்சு வந்தது. "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று வாய் விட்டுவிட்டேன். இருபதுக்கு மேல் கேள்விகள் வந்து குவிந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கடலூர் முதுநகர், பொறியியல் மாணவர்: சார், முதல் லேசர் 1960-லேயே வந்துவிட்டது. எக்ஸ்ரே லேசருக்கு ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?

தம்பி, அந்த முதல் லேசர், மைமனின் மாணிக்கக் கல் லேசர், 694 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்ந்தது. அதன் ஒளித்துகள் ஒன்றுக்கு 1.8 எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல். 1984-ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் மேத்யூஸ் குழு காட்டிய லேசர் 20.6, 20.9 நானோமீட்டரில் இருந்தது. அங்கே ஒளித்துகள் ஒன்றுக்குச் சுமார் 60 எலக்ட்ரான்-வோல்ட். முப்பது மடங்குதானே என்று தோன்றும். சிக்கல் அந்த முப்பதில் இல்லை.

லேசருக்கு அணுக்கள் மேல் நிலையில் கொஞ்ச நேரமாவது காத்திருக்க வேண்டும். அலைநீளம் பாதியானால் அவை தாமாகவே ஒளியை உமிழ்ந்து கீழே விழும் வேகம் எட்டு மடங்கு வரை ஏறும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புகிற கதைதான். ஓட்டை பெரிதாகப் பெரிதாக மேலே இருந்து ஊற்றும் வேகமும் கூட வேண்டும். அதனால்தான் லிவர்மோரில் நோவெட் என்ற பெரிய லேசரைக் கொண்டுவந்து, ப்ளாஸ்டிக் சவ்வின் மேல் பூசிய மெல்லிய செலீனியப் படலத்தின் மீது அடித்தார்கள். செலவு ஆயிரம் ஜூல் அளவில். வெடித்து விரிந்த அந்த ப்ளாஸ்மாதான் லேசர் ஊடகம். அதே சமயத்தில் பிரின்ஸ்டனில் சக்கீவர் குழு வேறு வழியில் போய், காந்தப்புலத்தில் அடைத்த கார்பன் ப்ளாஸ்மாவில் 18.2 நானோமீட்டரைக் காட்டியது. லிவர்மோர்காரர்களுக்குத்தான் பெயர் அதிகம் கிடைத்தது. எனக்கு பிரின்ஸ்டன் வேலை மீது கொஞ்சம் பாசம் உண்டு.

வில்லியனூர், இயற்பியல் ஆசிரியை: 'நியான் போன்ற செலீனியம்' என்று படித்தேன். நியான் எங்கே, செலீனியம் எங்கே?

டீச்சர், செலீனியத்துக்கு 34 எலக்ட்ரான்கள். சூட்டில் 24 கழன்றால் மிச்சம் 10, நியானுக்கு உள்ள அதே எண்ணிக்கை. பத்து என்பது நிரம்பிய கூடு, அதற்கு மேல் உரிப்பது சிரமம். அதனால் சூடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ப்ளாஸ்மாவில் பெரும்பங்கு அயனிகள் அந்தப் படியிலேயே நின்றுவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. மேலே மோதித் தள்ளப்பட்ட எலக்ட்ரான் 3p நிலையில் உட்காரும். அங்கிருந்து நேரே அடித்தளமான 2p-க்கு ஒளி விட்டு இறங்க விதி இடம் தராது. ஆனால் ஒரு படி கீழே இருக்கும் 3s-க்கு இறங்கலாம், அந்த 3s-இல் இருந்து அடித்தளத்துக்கு ஒரே தாவல். மாடியில் கூட்டம் சேரும், நடுத்தளம் உடனுக்குடன் காலியாகும். வகுப்பில் தலைகீழ் நிரவல் என்று சொல்லிக்கொடுப்பீர்களே, அது இங்கே தானாக அமைகிறது. இன்னும் குறைந்த அலைநீளம் வேண்டுமென்றால் 28 எலக்ட்ரான் மிஞ்சும் 'நிக்கல் போன்ற' அயனிகளுக்குப் போவார்கள். மாலிப்டினம் 18.9, வெள்ளி 13.9 நானோமீட்டர் எல்லாம் அந்த வகை.

முத்தியால்பேட்டை, பெயர் வேண்டாம் என்றவர்: இரு பக்கமும் கண்ணாடி வைத்தால்தான் லேசர் என்று படித்திருக்கிறேன். இதில் கண்ணாடியே இல்லையாமே. அப்புறம் இதை லேசர் என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி. மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறி அடுக்கிய கண்ணாடிகள் 13 நானோமீட்டர் பக்கத்தில் 70 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஆனால் ப்ளாஸ்மாவுக்குப் பக்கத்தில் வைத்தால் தெறிக்கும் துகளில் பாழாகிவிடும். அதைவிடப் பெரிய தடை நேரம். ஒரு பிக்கோசெகண்டில், அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கில், ஒளி 0.3 மில்லிமீட்டர்தான் போகும். பெருக்கும் நிலை சில பத்துப் பிக்கோசெகண்டுகூட நிற்காத ப்ளாஸ்மாவில் ஒளி போய்த் திரும்பி வருவதற்குள் கடை மூடிவிடும்.

அதனால் ஒரே பயணத்தில் முடித்தாக வேண்டும். முடி போல மெல்லிய, சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் நீளமுள்ள ப்ளாஸ்மாக் கோடு. ஒரு முனையில் தற்செயலாகப் பிறக்கும் ஒளி மறுமுனை போகும்வரை பெருகிக்கொண்டே போகும். பெருக்கக் கெழு சென்டிமீட்டருக்கு 5 என்றால், அதாவது ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் ஒளி சுமார் 150 மடங்கு பெருகினால், 3 சென்டிமீட்டரில் சுமார் 33 லட்சம் மடங்கு. பக்கவாட்டில் வரும் ஒளிக்கு இந்த யோகம் கிடையாது. கோட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கும்போது முனையில் வரும் ஒளி இரட்டிப்பாகிறதா, பல மடங்காகிறதா என்று பார்த்துத்தான் "லேசர் வந்துவிட்டது" என்று சொல்வோம்.

மரக்காணம், பஸ் ஓட்டுநர்: போன வாரம் கானல் நீர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சித்திரை மாதம் தினமும் அதைத்தான் பார்க்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன?

அண்ணே, இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். தார் ரோட்டை ஒட்டிய காற்று சூடாகி லேசாகிவிடும். தூரத்தில் வானத்தில் இருந்து சாய்வாக இறங்கும் வெளிச்சம் ரோட்டைத் தொடாமலே மேலே வளைந்து உங்கள் கண்ணுக்கு வரும். ரோட்டில் தண்ணீர் நிற்கிற மாதிரி தெரியும். பக்கத்தில் போனால் காணாமல் போவது ஏன்? சாய்வு குறைந்த பார்வைக்கு மட்டும்தான் அது வளைந்து காட்டும்.

ப்ளாஸ்மாவிலும் இதேதான். ரோட்டின் இடத்தில் உலோகத் தகடு. அதை ஒட்டிய இடத்தில் எலக்ட்ரான் நெருக்கம் அதிகம், விலக விலகக் குறையும். எலக்ட்ரான் நெருங்க நெருங்க ஒளிவிலகல் எண் குறைவதால், தகட்டை ஒட்டிப் போகும் எக்ஸ்ரே வெளிப்பக்கமாக வளைந்து, பெருக்கம் நடக்கும் இடத்தை விட்டே வெளியேறிவிடும். கோட்டை நீளமாக்கினாலும் பயன் இல்லை, ஒளி பாதி வழியில் இறங்கிவிடும். பல வருஷம் ஆட்களைப் படுத்திய தொல்லை இது.

முதல் வைத்தியம் முன்துடிப்பு. முக்கிய அடிக்கு முன்னால் ஒரு சின்ன அடி கொடுத்து, ப்ளாஸ்மாவைக் கொஞ்சம் விரியவிட்டு, அடர்த்திச் சரிவை மெதுவாக்கிய பிறகு பெரிய அடி. 1993-ல் நில்சன் குழு இப்படி டைட்டானியத்தில் 32.6 நானோமீட்டரை எடுத்தது. 1997-ல் பெர்லினில் நிக்கிள்ஸ் குழு ஒரு படி மேலே போய், முதலில் நீண்ட துடிப்பால் அயனிகளைத் தயார் செய்து, பிறகு பிக்கோசெகண்ட் துடிப்பால் ஒரே குத்தில் சூடேற்றியது. செலவு சில ஜூல்களுக்கு இறங்கியது.

அப்புறம் வந்ததுதான் அழகு. அந்தக் குறுந்துடிப்பை நேர்க்குத்தாக அடிக்காமல் தகட்டை உரசுகிற மாதிரி சாய்வாக அனுப்பினால்? கானல் நீர் போலவே அது ப்ளாஸ்மாவுக்குள் ஒரு ஆழம் வரை போய் வளைந்து திரும்பும். எந்த அடர்த்தியில் திரும்ப வேண்டும் என்பதைக் கோணமே முடிவு செய்யும். அந்த அலைநீளத்து ஒளி நுழையவே முடியாத வரம்பு அடர்த்தியைக் கோணத்தின் சைன் வர்க்கத்தால் பெருக்கினால் போதும். 20 டிகிரிக்குச் சுமார் 12 சதவீதம். திரும்பும் இடத்தில் ஒளி அதிக தூரம் படுத்தபடி போவதால் அங்கேதான் ஆற்றல் நிறைய இறங்கும். எக்ஸ்ரேயைப் பெருக்க எந்த அடர்த்தி தோதோ அங்கேயே இறக்கலாம். லேசரை வெளியே துரத்திய அதே வளைவை வேலைக்காரனாக்கிக் கொண்டார்கள்.

2005-ல் கீனன், டன் ஆகியோர் இருந்த லிவர்மோர் குழு மாலிப்டினத்தில் 18.9 நானோமீட்டர் லேசரை நொடிக்குப் பத்து முறை ஓட்டிக் காட்டியது. நீண்ட துடிப்புக்கு 70 மில்லிஜூல், குறுந்துடிப்புக்கு 80. மொத்தம் 150 மில்லிஜூல், ஒரு எலுமிச்சம்பழத்தை ஒரு அடி உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றல். 1984-ல் ஆயிரம் ஜூல் என்றேனே, அதோடு வைத்துப் பாருங்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, லேத் பட்டறை வைத்திருப்பவர்: தகட்டில் கோடு போடுவது எப்படி? ஒவ்வொரு அடிக்கும் தகடு சேதமாகாதா?

ஆகும். ஒவ்வொரு ஷாட்டும் மெல்லிய பள்ளம் ஒன்றை விட்டுச் செல்லும். அடுத்த ஷாட்டுக்குத் தகட்டைக் கொஞ்சம் நகர்த்துவோம். தகட்டை நன்றாக பாலிஷ் செய்து வைக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் ப்ளாஸ்மாவும் கோணலாகி, ஒளி நேர்கோட்டில் போகாது. கோடு போட உருளை லென்ஸோ வளைந்த கண்ணாடியோ போதும்.

எங்களை அழ வைத்தது வேறு. ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் வேக்யூம் சேம்பர் மூன்று வாரம் காலி ஆகவே மறுத்தது. பம்பைக் கழற்றினோம், வெல்டிங்கைச் சந்தேகப்பட்டோம், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டோம். கடைசியில் பார்த்தால், காற்று புகாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி. 13 நானோமீட்டர் ஒளி சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்டுவதற்குள் செத்துவிடும். அதனால் வேக்யூம் இல்லாமல் எதுவும் நடக்காது. உங்களைப் போல ஓ-ரிங் காடியைச் சுத்தமாகக் கடைந்து தருகிறவர் கிடைத்தால் எந்த ஆய்வுக்கூடமும் விடாது.

கடலூர், எக்ஸ்ரே டெக்னீஷியன்: இந்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு பார்க்க முடியுமா? ஈயக் கவசம் போடுவீர்களா?

எலும்பு வேண்டாம், ஒரு காகிதத்தைக்கூட இது தாண்டாது. உங்கள் மெஷினில் 70 கிலோவோல்ட் வைத்து எடுக்கிறீர்கள். இங்கே ஒளித்துகளுக்கு 60 முதல் 100 எலக்ட்ரான்-வோல்ட், கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்கு. 'மென்' என்ற பெயரே அதற்குத்தான். எங்கள் பயம் தகட்டை அடித்து ப்ளாஸ்மாவை உண்டாக்கும் பம்ப் லேசர் மீதுதான். அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, தெரியாமலே விழித்திரையைச் சுட்டுவிடும். கண்ணாடி போடாமல் உள்ளே வருகிறவரை, இயக்குநராகவே இருந்தாலும், கையைப் பிடித்து வெளியே அனுப்பியிருக்கிறேன்.

நெய்வேலி, ஓய்வுபெற்றவர்: ஒரு கோடி டிகிரி என்கிறார்களே, சேம்பர் உருகிவிடாதா?

உருகாது. அவ்வளவு சூடு இருப்பது முடியளவு கோட்டில், கண நேரத்துக்கு. தீப்பொறி கையில் பட்டால் கை வெந்துவிடுகிறதா?

உழவர்கரை, மென்பொருள் வேலை: சிப் தயாரிக்கும் மெஷினில் 13.5 நானோமீட்டர் என்கிறார்கள். அது இந்த லேசர்தானே?

இல்லை. செய்தித்தாள்களும் அடிக்கடி இதைக் குழப்புகின்றன. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மெஷினில் உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஐம்பதாயிரம் வீதம் விழவைத்து, கார்பன் டை ஆக்சைடு லேசரால் அடிக்கிறார்கள். அடிப்பது லேசர், வருவது எல்லாத் திசையிலும் சிதறும் சாதாரண ஒளி, குண்டு பல்பு மாதிரி. அவர்களுக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான வாட் திறன். ஒத்திசைந்த லேசர் ஒளி என்றால் படத்தில் புள்ளி புள்ளியாகக் குறுக்கீடு வரும், அதை அவர்களே விரும்புவதில்லை.

எங்கள் லேசருக்கு வேறு வேலைகள் உண்டு. சிப்பின் வடிவம் பொறித்த முகமூடித் தகடுகளில் குறை இருக்கிறதா என்று அதே அலைநீளத்துக்குப் பக்கத்தில் நின்று நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. காட்மியத்தின் 13.2 நானோமீட்டரை வைத்துக் கொலராடோவில் செய்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி வளைந்து ஓடிவிடும் அடர்த்தியான ப்ளாஸ்மாவுக்குள் எட்டிப் பார்ப்பது இன்னொன்று. அதற்கு 1995-ல் லிவர்மோரில் இட்ரியத்தின் 15.5 நானோமீட்டரைப் பயன்படுத்தினார்கள். அலைநீளம் குறைந்தால் வளைவும் குறையும்.

காலாப்பட்டு, எம்.எஸ்சி. மாணவி: ஐயா, எலக்ட்ரான் முடுக்கி வைத்து எக்ஸ்ரே லேசர் வந்துவிட்டது. இனி ப்ளாஸ்மா லேசர் எதற்கு? எங்கள் கல்லூரியில் செய்ய முடியுமா?

ஹாம்பர்க்கில் 2005 முதல், ஸ்டான்போர்டில் 2009 முதல் அப்படிப்பட்ட லேசர்கள் ஓடுகின்றன. ஆற்றல், அலைநீளம், துடிப்பின் சுருக்கம் எல்லாவற்றிலும் அவைதான் ராஜா. ஆனால் நூற்றுக்கணக்கான மீட்டர் முதல் கிலோமீட்டர் கணக்கில் நீளம், வருஷத்தில் சில நாள் நேரம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். நேரம் கிடைத்த நாளில் மெஷின் படுத்துக்கொண்டால் லெ ஜென்தீல் கதைதான். 1769-ல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இதே புதுச்சேரியில் மாதக்கணக்கில் காத்திருந்தார் மனிதர், அன்று காலை மேகம் மூடிவிட்டது. ஒரு அறைக்குள் அடங்குகிற லேசர் உங்கள் கையில் இருக்கும்.

கல்லூரியில் எக்ஸ்ரே லேசர் என்பது இப்போதைக்கு அதிகம். ஆனால் சில நூறு மில்லிஜூல் தரும் நானோசெகண்ட் லேசரும் ஒரு நிறமாலைமானியும் இருந்தால் உலோக ப்ளாஸ்மாவின் அயனிக் கோடுகளைப் படிக்கலாம். அடர்த்தி, வெப்பநிலை கணக்கிடப் பழகலாம். இந்தத் துறையில் பாதி வேலை அதுதான். பிறகு ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வுகள் எழுதி, இந்தூர் ராஜா ராமண்ணா மையம், மும்பை டாடா ஆய்வுக்கழகம் பக்கம் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், ஒன்பதாம் வகுப்பு மாணவி: தாத்தா, வீட்டில் செய்து பார்க்க ஏதாவது?

பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியாகக் குவிக்கும், தெரியும்தானே? இப்போது உருளை வடிவக் கண்ணாடி பாட்டில் ஒன்றில் தண்ணீரை வழிய நிரப்பி மூடு. படுக்கவைத்துப் பிடித்து, கீழே வெள்ளைக் காகிதத்தை மேலும் கீழும் நகர்த்து. புள்ளிக்குப் பதில் பளிச்சென்று ஒரு கோடு விழும். லேசரைக் கோடாக்கும் உருளை லென்ஸ் செய்வதும் அதையேதான். பாட்டிலைச் சாய்த்தால் கோடு என்ன ஆகிறது என்று எழுதி அனுப்பு. சூரியனை நேரே பார்க்காதே. மாடியில் செய்வதென்றால் பாட்டிலை வெயிலில் விட்டுவிட்டு வந்துவிடாதே, அம்மா வடகம் காயவைத்த துணியில் ஓட்டை விழுந்தால் நான் பொறுப்பில்லை.